கோட்டுக்கு அந்தப் பக்கம் விளைந்த ஷாம்பாஞ்

பிரெஞ்சு மொழியில் ஷாம்பாஞ் என்ற சொல்லுக்கு இரண்டு பால் உண்டு. ஆண்பாலில் சொன்னால் பாட்டிலில் இருக்கும் வைன். பெண்பாலில் சொன்னால் அந்த வைன் விளையும் சீமை. பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். பூகோள வாத்தியார் டிக்டேஷன் சொல்லும்போது பால் மாற்றி எழுதினால் அரை மதிப்பெண் போய்விடும். அதே பாடத்தில் 'ஷாம்பாஞ் பூயூஸ்' என்று ஒன்று வரும். 'பேன் பிடித்த ஷாம்பாஞ்' என்று அர்த்தம். வெறும் சுண்ணாம்பு மண், புல்கூடச் சரியாக முளைக்காத பொட்டல் என்பதால் அந்தப் பெயர். உலகத்துப் பணக்காரர்கள் குடிக்கும் சரக்குக்கும் பேனுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்பெஞ்சில் நாங்கள் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஐம்பது அறுபது வருஷம் கழித்து அந்தச் சீமையைக் கண்ணால் பார்க்க வாய்த்தது. என் மகன் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் முதல் வாரம் அவனுக்கு லீவு கிடைத்தது. நான், மகன், மருமகள், பேத்தி என்று நான்கு பேர் காரில் நான்கு நாள் சுற்றினோம். எங்கே சாப்பிடுவது என்பதை மருமகள் பார்த்துக்கொண்டாள். எதைப் பார்ப்பது என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் சர்க்கரைக்காரன், ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை அளவுக்கு மேல் குடிப்பதில்லை. அதனால் குடித்ததைவிடக் கேட்டதும் படித்ததும்தான் அதிகம்.

முதலில் ரேன்ஸ் நகரம். பிரான்சின் அரசர்களுக்கு முடிசூட்டிய தேவாலயம் இங்கே இருக்கிறது. அதன் வாசலில் சிரிக்கும் தேவதைச் சிலையைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். உள்ளே போனால், தெற்குப் பக்கத்தில் 1954-ல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கொடி நடுவதிலிருந்து பீப்பாய் உருட்டுவது வரை ஷாம்பாஞ் தொழிலின் எல்லா வேலைகளும் அதில் இருக்கின்றன. தேவாலய ஜன்னலில் சாராயத் தொழிலா என்று நம்மவர்கள் கேட்கலாம். பூசைக்கே வைன் வேண்டும் என்பதால் அவர்களுக்கு அது உறுத்துவதில்லை.

நகரத்துக்கு அடியில் இன்னொரு ரேன்ஸ் இருக்கிறது. சாக்பீஸ் செய்வதற்கேற்ற வெள்ளைக் கல்லைப் பழங்காலத்தில் வெட்டியெடுத்த குழிகள் அவை. மேலே வாய் குறுகலாகவும் கீழே போகப் போக அகலமாகவும் கூம்பு போல இருக்கும். அவற்றைச் சுரங்கங்களால் இணைத்து வைன் கம்பெனிகள் நிலவறைகளாக்கிக்கொண்டன. கோடையோ குளிர்காலமோ உள்ளே பத்திலிருந்து பன்னிரண்டு டிகிரிதான். நான் மங்க்கி குல்லாவோடு இறங்கினேன். பேத்தி என்னோடு வருவதற்கே வெட்கப்பட்டாள்.

ஷாம்பாஞ் எப்படி நுரைக்கிறது என்பதை அங்கே விளக்கினார்கள். சாதாரண வைனைப் பாட்டிலில் அடைத்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடி, இருட்டில் படுக்க வைக்கிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு வைனிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஆறு மடங்கு, கார் டயரில் இருப்பதைவிட அதிகம். அந்தக் காலத்துக் கண்ணாடி இதைத் தாங்காமல் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். வேலையாட்கள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு இறங்குவார்களாம்.

புளித்தபின் அடியில் மண்டி தங்கும். மண்டியை எடுக்க வேண்டும், நுரையும் போகக் கூடாது. இதற்கு வழி கண்டவர் என்று ஒரு விதவையைச் சொல்கிறார்கள். பெயர் பார்ப்-நிகோல் போன்சார்தேன். 1805-ல் கணவர் கிளிக்கோ இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. நெப்போலியன் சட்டப்படி கணவன் அனுமதியில்லாமல் மனைவி வியாபாரம் செய்ய முடியாது, விதவை செய்யலாம். அவர் செய்தார். 1814-ல் மற்ற வியாபாரிகளுக்கு முன்னால் ரஷ்யாவுக்குக் கப்பலில் சரக்கு அனுப்பிப் பெரும் பணக்காரரானார். ரஷ்யர்களுக்குப் பாகு மாதிரி இனிப்பாக இருக்க வேண்டுமாம். இன்று 'ப்ருத்' என்று விற்பது எனக்குக்கூட ஆகும் அளவுக்கு வறட்சியானது.

மண்டிக்கு அவர் செய்த வழி இதுதான். மேசையில் துளை போட்டு, பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, தினம் கொஞ்சம் திருப்பி, மண்டியை மெல்லக் கழுத்துக்குக் கொண்டுவந்துவிடுவது. சமையலறை மேசையிலேயே துளை போட்டார் என்பது கதை. பின்னாளில் அந்த மேசை இரண்டு சாய்பலகைகளாக மாறியது. அதற்குப் பெயர் 'புப்பித்ர்'. எங்களுக்கு அந்தச் சொல் பள்ளியில் உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை! நிலவறையில் வரிசை வரிசையாகப் புப்பித்ர்களைப் பார்த்ததும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பையன் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருப்பது போலவே எனக்குத் தோன்றியது.

தோம் பெரிஞோன் என்ற சாமியார்தான் நுரையைக் கண்டுபிடித்தார் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். நம்பாதீர்கள். எப்பெர்னேவுக்கு மேலே மலைச்சரிவில் உள்ள ஒவிலே மடத்தில் 1668 முதல் சரக்கறை அதிகாரியாக இருந்தவர் அவர். 1715-ல் இறந்தார். பல தோட்டத்துத் திராட்சையைக் கலந்து நல்ல வைன் செய்வதில் கெட்டிக்காரர். நுரை வருவதை அந்தக் காலத்தில் கோளாறு என்றே கருதினார்கள், அவரும் அதை நிறுத்தத்தான் பாடுபட்டார். மடத்தின் தேவாலயத்தில் கருங்கல்லின் கீழ் புதைத்திருக்கிறார்கள். அந்த ஊர் அழகு. வீட்டுக்கு வீடு இரும்பில் செய்த பெயர்ப்பலகை தொங்குகிறது, கீழே மார்ன் நதி வளைந்து போகிறது, எதிரே சரிவு முழுக்க மஞ்சளேறிய கொடிகள். 2015-ல் யுனெஸ்கோ இந்தச் சரிவுகளையும் நிலவறைகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒவிலேயில் ஒரு வயதான திராட்சை விவசாயியின் வீட்டில் மூன்று கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள், துப்புவதற்கு வாளியும் வைத்திருந்தார்கள். தொட்டுக்கொள்ள ரேன்ஸ் நகரத்து ரோஜா நிற பிஸ்கட். அதைக் கிளாஸில் நனைத்துச் சாப்பிட வேண்டும், நம்மூரில் டீயில் வர்க்கி நனைப்பது போல. நாங்கள் இன்னும் தெற்கே ஓப் மாவட்டத்துக்கும் போகிறோம் என்று மகன் சொன்னதும் பெரியவர் முகம் லேசாக மாறியது. "அதுவும் ஷாம்பாஞ்தான், சட்டப்படி" என்றார். அந்தச் 'சட்டப்படி'யில் ஒரு அழுத்தம் இருந்தது. அரசாங்க ஆபீஸில் முப்பத்துநான்கு வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு அந்தத் தொனி தெரியாமல் போகுமா? அன்று இரவே ஓட்டல் அறையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

கதை 1890-களில் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற பூச்சி தெற்கிலிருந்து பிரான்சின் தோட்டங்களைத் தின்றுகொண்டே வந்து, கடைசியாக ஷாம்பாஞ்சைப் பிடித்தது. அது வேரைத் தின்னும் ஒரு வகைக் கொடிப்பேன். எங்கள் பூகோள வாத்தியாரின் 'பேன் பிடித்த ஷாம்பாஞ்' இப்போது நிஜமாகிவிட்டது! அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் பணம் வேண்டும். காலாணி ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி கடன் வாங்கினார்.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஷாம்பாஞ் சீமையில் நிலம் சின்ன விவசாயிகள் கையில், பெயரும் பாட்டிலும் பெரிய கம்பெனிகள் கையில். இன்றைக்கும் நிலத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு விவசாயிகளுடையது, விற்கும் பாட்டில்களில் பெரும்பங்கு கம்பெனிகளுடையது. அந்தக் காலத்தில் கம்பெனி சொன்னதுதான் விலை. ரயில் வந்தபின் லுவார் நதிப் பக்கத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் மலிவான வைனைத் தருவித்து, நுரைக்க வைத்து, ஷாம்பாஞ் என்று விற்ற வியாபாரிகளும் இருந்தார்கள். உள்ளூர்த் திராட்சை கொடியிலேயே வாடியது.

விவசாயிகள் கேட்டது நியாயமான விஷயம்தான். ஷாம்பாஞ் என்று எழுதினால் அது ஷாம்பாஞ்சில் விளைந்திருக்க வேண்டும். கலப்படத்தைத் தடுக்க 1905-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் 1908 டிசம்பர் 17-ம் தேதி ஓர் அரசாணை ஷாம்பாஞ்சின் எல்லையைக் குறித்தது. மார்ன் மாவட்டத்தின் தோட்டங்களும், அதற்கு மேற்கே ஏன் மாவட்டத்தில் ஒரு பகுதியும் உள்ளே. (ஏன் என்பது ஒரு நதியின் பெயர், கேள்வி இல்லை.) தெற்கே இருக்கும் ஓப் மாவட்டம் முழுக்க வெளியே.

எதை வைத்து முடிவு செய்தார்கள்? 'உள்ளூரின் இடைவிடாத வழக்கம்' என்பது ஆணையின் வாசகம். 'வழக்கம்', 'நெடுங்காலம்' போன்ற சொற்களை ஒரு கோப்பில் பார்த்தாலே, இதற்கு யார் ஆதாரம் கொடுப்பது என்று நான் முதலில் பார்ப்பேன். ஓப் விவசாயிகள் தங்கள் திராட்சையை மார்ன் கம்பெனிகளுக்குத்தான் விற்றுவந்தார்கள். அது அங்கே பாட்டிலுக்குள் போய்க் கம்பெனியின் பெயரை வாங்கிக்கொள்ளும். எந்த லேபிளிலும் ஓப் என்று இருக்காது. விற்றவனிடம் காகிதம் இல்லை, வாங்கியவனுக்குக் காகிதம் காட்ட அவசியம் இல்லை. வழக்கம் இருந்தது, பதிவு இல்லை.

இன்னொரு கூத்து. ஓப் மாவட்டத்தின் தலைநகர் த்ருவா. இடைக்காலத்தில் ஷாம்பாஞ் பிரபுக்களின் தலைநகரமே அதுதான். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் வியாபாரிகள் கூடிய ஷாம்பாஞ் சந்தைகள் நடந்த ஊர்களில் த்ருவாவும் பார்-சூர்-ஓப்பும் உண்டு. தங்கம் நிறுக்கும் ட்ராய் அவுன்ஸ்கூட அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மார்ன், ஓப் என்ற மாவட்டங்களோ 1790-ல் புரட்சி அரசாங்கம் பழைய சீமைகளைத் துண்டு போட்டு நதிகளின் பெயர் வைத்து உண்டாக்கியவை. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு அது. நூற்றுப் பதினெட்டு வருஷம் கழித்து அதே கோட்டைக் காட்டி, தலைநகரமாக இருந்த ஊரைப் பார்த்து நீ அந்தச் சீமையே இல்லை என்றார்கள்.

புதுச்சேரிக்காரனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. எங்கள் வரைபடம் பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி இருக்கும். பாகூருக்கும் வில்லியனூருக்கும் போகும் வழிகளில் புதுவை முடிந்து தமிழ்நாடு வந்து மறுபடி புதுவை வரும். வயலில் ஒரு வித்தியாசமும் இருக்காது, அதே நெல், அதே கரும்பு. ஆனால் எல்லையோரம் ஒரு பக்கம் மட்டும் பிராந்திக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும், கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி வேறு என்பதால். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் போட்ட கோடு இன்றைக்கும் ஒரு குவார்ட்டர் பாட்டிலின் விலையைத் தீர்மானிக்கிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மார்ன் விவசாயிகள் தரப்பிலும் வாதம் இருந்தது. ரேன்ஸ், எப்பெர்னே பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு மண். ஓப் பக்கம் வேறு வகைச் சுண்ணாம்புக் களிமண், பர்கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஷப்லி ஊரின் மண்ணோடு சேர்ந்தது. கொடியும் வேறு. ஓப்பில் அதிகம் இருந்தது கமே என்ற மட்டமான ரகம். மார்ன் விவசாயிகள் தெற்கத்தி வைனைத் தடுக்கத்தான் கோடு கேட்டார்கள். கோடு வந்தபின், கோட்டுக்கு வெளியே இருந்த இன்னொரு ஏழை விவசாயி அவர்களுக்கு எதிரியாகிவிட்டார்.

1910 மோசமான வருஷம். மழை, ஆலங்கட்டி, கொடிகளில் பூஞ்சை என்று எல்லாம் சேர்ந்து வந்து, விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. 1911 ஜனவரியில் தாமெரியிலும் ஒவிலேயிலும் விவசாயிகள் திரண்டு, வெளியூர் வைன் பீப்பாய்களைப் பிடித்து மார்ன் நதியில் கொட்டினார்கள். பிப்ரவரியில் அரசாங்கம் கோட்டை இன்னும் இறுக்கிச் சட்டம் போட்டது. மார்ன் அமைதியானது, ஓப் கொதித்தது. காஸ்தோன் ஷெக் என்பவர் தலைமையில் அங்கத்து விவசாயிகள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வரி நோட்டீசுகளை நடுத்தெருவில் எரித்தார்கள். ஊர் ஊராக மேயர்களும் உறுப்பினர்களும் ராஜினாமா கொடுத்தார்கள். மேரிகளில் செங்கொடி ஏறியது. ஏப்ரல் 9-ம் தேதி த்ருவாவில் பெருங்கூட்டம் கூடியது.

பயந்துபோன செனட் ஏப்ரல் 11-ம் தேதி, எல்லைக்கோடு போடும் முறையையே எடுத்துவிடலாம் என்ற கருத்துக்கு ஓட்டுப் போட்டது. செய்தி தந்தியில் எப்பெர்னே பக்கம் வந்தது. இரவோடு இரவாகக் கிராமங்களில் கொம்பு ஊதி ஆள் திரட்டினார்கள். மறுநாள் ஆயி என்ற சின்ன ஊரில் கலப்படக்காரர்கள் என்று பெயரெடுத்த வியாபாரிகளின் நிலவறைகளை உடைத்தார்கள். உடைத்த பாட்டில்களிலிருந்து வைன் தெருவில் ஓடியது. சில மாளிகைகளுக்குத் தீ வைத்தார்கள். கோபத்தில் நல்ல வியாபாரி, கெட்ட வியாபாரி என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் இல்லை. மலைச்சரிவில் கொடிகளைக் காக்க வைத்திருந்த வைக்கோலுக்கும் தீ வைத்ததில் கொடிகளும் கருகின. சொந்தக் கொடியை விவசாயியே எரித்தார் என்றால் நிலைமை எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். குதிரைப்படை வந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பல மாதம் அந்தக் கிராமங்களில் தங்கினார்கள்.

நாங்கள் ஆயி ஊருக்குப் போனோம். வாசலில் பூச்சட்டி வைத்த சுத்தமான தெருக்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மருமகள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைச் சாப்பிட்டோம். பக்கத்துச் சுவரைக் காட்டி, "மாமா, இங்கேதான் எரிச்சாங்களா?" என்று கேட்டாள். எந்த வீடு என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் திரும்பக் கட்டி நூறு வருஷம் ஆகிறது.

அன்று மாலை வெர்ஸ்னே ஊரில் ஒரு கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைதான். 1909-ல் ஒரு ஷாம்பாஞ் வியாபாரி தன் சரக்குக்கு விளம்பரமாகக் கட்டியது. பக்கத்திலேயே சாப்பிட, ஆட இடமும் வைத்திருந்தார். இப்போது அது திராட்சை அருங்காட்சியகம், படி ஏற முடிந்தவர்கள் ஏறிப் பார்க்கலாம். 1909 என்ற வருஷத்தைப் பலகையில் படித்ததும் எனக்கு மேலே சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரே மலையில் ஒருவர் விளம்பரத்துக்கு விளக்குக் கம்பம் எழுப்பிக்கொண்டிருந்தபோது, இன்னொருவர் ஒட்டுக்கொடிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் இருந்திருக்கிறார்.

அரசாங்கம் என்ன செய்தது? எந்த அரசாங்கமும் செய்வதைத்தான். 1911 ஜூன் 7-ம் தேதி ஒரு நடுவழி ஆணை. ஓப் விவசாயி ஷாம்பாஞ் என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் 'ஷாம்பாஞ், இரண்டாவது மண்டலம்' என்று எழுத வேண்டும். ரயிலில் இரண்டாம் வகுப்பு என்று டிக்கெட்டில் அச்சடிப்பது சரி. பாட்டில் மேல் இரண்டாம் தரம் என்று தானே எழுதிக்கொண்டு எவன் விற்பான்? இரண்டு தரப்பும் அதை ஏற்கவில்லை. அதே வருஷம் ஊர்வாரியாகத் திராட்சைக்கு நூற்றுக்கு இத்தனை என்று விலைத்தரம் போடும் அட்டவணையும் வந்தது. நூறு வாங்கிய ஊருக்கு முழு விலை, எண்பது வாங்கிய ஊருக்கு எண்பது பங்கு. பள்ளி மதிப்பெண் பட்டியல் போன்ற அந்த ஏற்பாடு பின்னாளில் கைவிடப்பட்டாலும், 'கிரான் க்ரு' என்று இன்றும் பாட்டிலில் போட்டுக்கொள்ளும் பதினேழு ஊர்கள் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவை.

புதிய சட்டம் பேச்சில் இருக்கும்போதே 1914 போர் வந்துவிட்டது. செப்டம்பரில் ஜெர்மன் படை ரேன்ஸுக்குள் நுழைந்து சில நாளில் பின்வாங்கியது. அதன்பின் நகரத்துக்கு வெளியே மேடுகளில் உட்கார்ந்துகொண்டு நான்கு வருஷம் குண்டு போட்டது. செப்டம்பர் 19-ம் தேதி தேவாலயம் எரிந்தது. ஜனங்கள் அந்தச் சுண்ணாம்பு நிலவறைகளில் இறங்கிக் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் அங்கே, பூசை அங்கே. மேலே பெண்களும் பிள்ளைகளும் குண்டுகளுக்கு நடுவே திராட்சை பறித்தார்கள். 1914 விளைச்சலின் ஷாம்பாஞ் மிகச் சிறந்தது என்று வைன் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. (அதே ரேன்ஸில் ஒரு செங்கல் பள்ளிக்கூடத்தில்தான் 1945 மே 7-ம் தேதி ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்டது. அந்த அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். வரைபடங்கள் ஒட்டிய சுவர், நீளமான மேசை. எந்த நிலவறையையும்விட எனக்கு அந்த மேசைதான் அதிக நேரம் எடுத்தது.)

போருக்குப் பின் 1919-ல் வந்த சட்டம் இந்த எல்லைப் பிரச்சினைகளை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வழக்குகள் நடந்தன. கடைசியில் 1927 ஜூலை 22-ம் தேதிச் சட்டம் ஓப் விவசாயிகளை உள்ளே சேர்த்தது. 'இரண்டாவது மண்டலம்' ஒழிந்தது. ஆனால் கமே கொடிகளைப் பிடுங்கிவிட்டு உயர்ந்த ரகங்களை நட வேண்டும் என்று நிபந்தனை, அதற்குக் கால அவகாசமும் கொடுத்தார்கள். ஊர் ஊராக, சர்வே எண் சர்வே எண்ணாக எந்த நிலம் உள்ளே, எது வெளியே என்று பதிவாயிற்று. விவசாயிகளும் கம்பெனிகளும் ஒரே மேசையில் உட்காரும் பொதுக் குழு 1941-ல்தான், அதுவும் ஜெர்மன் ஆக்கிரமிப்பு நெருக்கியபின், உருவானது.

மூன்றாம் நாள் ஓப் பக்கம் வந்தோம். ரேன்ஸிலிருந்து த்ருவாவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வழி முழுக்க கோதுமை அறுத்த கட்டாந்தரையும் பீட்ரூட் வயலும்தான், ஒரு கொடி கண்ணில் படவில்லை. அதுதான் பாடப் புத்தகத்துப் பேன் பிடித்த ஷாம்பாஞ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உரம் போட்டு அதையும் விளைய வைத்துவிட்டார்கள். த்ருவா தாண்டித் தெற்கே போனால்தான் மறுபடி கொடிகள் தொடங்குகின்றன. மார்ன் பக்கம் போலத் தொடர்ந்த சரிவு இல்லை. காடு, ஓடை, மாட்டுப் புல்வெளி, நடுவில் திடீரென்று ஒரு குன்றின் முதுகில் திராட்சை. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. சுற்றுலாப் பேருந்து ஒன்றுகூட இல்லை.

த்ருவாவில் மதியம் ஆந்துயியெத் சாப்பிட்டேன். பன்றிக் குடலையும் வயிற்றையும் நறுக்கித் திணித்த சாசேஜ். வாசனைக்கே மருமகள் மேசை மாறி உட்கார்ந்தாள். ஆட்டுக் குடல் குழம்பில் வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் பெரிய சோதனை இல்லை, கொஞ்சம் மிளகு மட்டும் போதாது. அந்தப் பக்கத்துச் சீஸ் ஷவூர்ஸ், வெளியே வெண்பஞ்சு மாதிரி தோல், உள்ளே தயிரேடு போன்ற புளிப்பு. இதோடு ஷாம்பாஞ் நன்றாகச் சேர்கிறது, பிஸ்கட்டைவிட.

எஸ்ஸுவா என்ற ஊரில் ஓவியர் ரெனுவாரின் கல்லறை இருக்கிறது. மனைவியின் சொந்த ஊர் என்பதால் கோடைதோறும் வந்து தங்கினார், கடைசியில் அங்கேயே அடங்கினார். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஒரு பெண்மணி எங்களுக்கு வைன் ஊற்றினார். நான் 1911 என்று சொன்னதும் எழுந்து போய்ச் சட்டமிட்ட ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். மேரி வாசலில் மண்வெட்டியோடு முப்பது நாற்பது ஆண்கள். அதில் கொள்ளுத்தாத்தா எது என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் வரி நோட்டீசை எரித்தது மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். "மேலே இருக்கிறவர்கள் இன்னும் எங்கள் திராட்சையை வாங்குகிறார்கள்" என்றார். மேலே என்றால் மார்ன்.

ஷாம்பாஞ் தோட்டங்கள் இன்று மொத்தம் சுமார் 34,000 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஓப்பில் இருக்கிறது. கோட்டுக்கு உள்ளே ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோ வரை போகிறது. வரப்பைத் தாண்டி வெளியே இருக்கும் கோதுமை நிலம் சில ஆயிரம்தான். எல்லையைத் திருத்த வேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள் இன்றும் இருப்பதில் ஆச்சரியமில்லை. பகுதியில் வேலை பார்த்திருந்தால் அந்தக் கோப்புகளை நானே ஆசையாகப் படித்திருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து ரேன்ஸுக்கு முக்கால் மணி நேர ரயில், எப்பெர்னே ஒன்றேகால் மணி, த்ருவா ஒன்றரை மணி. ரேன்ஸ், எப்பெர்னே இரண்டையும் கார் இல்லாமல் பார்க்கலாம். ஓப் கிராமங்களுக்குக் கார் வேண்டும், ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, அங்கே போலீஸ் ஊதச் சொல்வார்கள். பெரிய கம்பெனி நிலவறைகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், மூட்டு வலிக்காரர்கள் எத்தனை படி என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். சின்ன விவசாயி வீடுகளில் போன் செய்துவிட்டுப் போனால் போதும், பெரும்பாலும் இலவசமாகவே ஊற்றுவார்கள், ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு வருவது மரியாதை. நாங்கள் எஸ்ஸுவாவில் மூன்று வாங்கினோம். ஒன்றைப் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பாரிஸில் உடைத்தோம். இரண்டு புதுச்சேரிக்கு வந்தன, ஒன்று ஜூலை 14 அன்று எதிர்வீட்டு சொல்தா வீட்டில் காலியானது.